எந்த அம்மை?

(தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்துக் கிராமம் ஒன்றில், மாரியம்மன் பண்டிகை முடிந்த மறுவாரம் நடந்த கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேசுவதாக நோட்டீசில் போட்டிருக்கும் விஷயம் ஜாதகமும் கலியாணமும் என்பதாகும். ஆனால் அதைப் பற்றி நாம் இன்று பேசப்போவதில்லை. ஜாதகம் எங்கும் ஓடிவிடாது. அடுத்த மாதம் வந்தும் பேசிக்கொள்ளலாம். நாம் பஸ்ஸை விட்டு இறங்கி மேற்குத் தெரு வழியாக வரும்பொழுது மூன்று வீட்டு வாசலில் வேப்பிலை சொருகியிருக்கக் கண்டோம். என்னவென்று விசாரித்ததில், "அம்மா விளையாடுறாங்க" என்றார்கள். எந்த அம்மா என்று கேட்டோம். கேட்டவுடன் அங்கிருந்தவர்கள் எல்லாம் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கடவுள் இல்லை என்று சொல்லுகிற ஆள் வந்துவிட்டான், கேலி செய்கிறான் என்று நினைத்தார்கள்போலும். நாம் கேலிக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டோம். எந்த அம்மை என்று தெரிந்தால்தானே அந்தப் பிள்ளை பிழைக்குமா, பக்கத்து வீட்டுக் கர்ப்ப ஸ்திரீக்குக் கெடுதல் வருமா என்று சொல்ல முடியும்?

நாம் டாக்டரல்ல. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, அச்சாபீசில் எழுத்துக் கோத்துப் பிழைத்து, மிச்ச நேரத்தில் தர்மபுரி நூலகத்துப் பெஞ்சியில் உட்கார்ந்து படித்ததே நமது படிப்பு. ஆகையால் ஒரு பிள்ளையைப் பார்த்தவுடன் இன்ன வியாதி என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் மூன்று வீட்டிலும் இருப்பது ஒரே வியாதி அல்ல என்பதைத் தெரிந்துகொள்ள டாக்டராய் இருக்கவேண்டியதில்லை. கண்ணும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

முதல் வீட்டில் பத்து மாதக் கைக்குழந்தை. நான்கு நாள் அனல் பறக்கக் காய்ந்ததாம். ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சல் சட்டென்று நின்றுவிட்டதாம். நின்ற அன்றைக்கே மார்பிலும் முதுகிலும் ரோஜாப்பூ நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். குழந்தை சிரித்து விளையாடிக்கொண்டிருக்கின்றது. இரண்டாவது வீட்டில் ஏழு வயதுப் பையன். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, நாய்க்குரைப்பு மாதிரி இருமல்; காய்ச்சல் குறையாமலே முகத்தில் தொடங்கிய தடிப்பு இன்று வயிறு வரைக்கும் இறங்கியிருக்கின்றது. மூன்றாவது வீட்டில் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்வந்த வாலிபன். ஐந்து நாள் காய்ச்சலும் எலும்பு முறிகிற வலியும் இருந்து, இன்று காலையில் சூடு இறங்கி, உடம்பெல்லாம் செக்கச்செவேல் என்று ஆகி, நடுநடுவே வெள்ளை வெள்ளையாய்த் திட்டு தெரிகின்றது. ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கின்றான். இரண்டு மூன்று தடவை வாந்தி. கை கால் ஜில்லென்று இருக்கின்றது.

அந்தத் தாயார் நம்மிடம், "சூடு இறங்கிப்போச்சுங்கண்ணா, அம்மா குளுந்துட்டா. இப்பப் போயி ஊசி போட்டா கோவிச்சுக்குவா" என்றார்கள். அந்த அம்மாளை நாம் குற்றம் சொல்ல மாட்டோம். பெற்ற வயிறு, பயம், நாலு பேர் சொன்ன சொல். அரை மணி நேரம் வாதாடி, கடைசியில் பையனின் மாமன் தைரியமாய் முன்வந்ததின் பேரில், 108 வண்டியைக் கூப்பிட்டு ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் இங்கே வந்து நிற்கின்றோம். கூட்டம் தாமதமாய் ஆரம்பித்ததற்கு அதுதான் காரணம், மன்னிக்க வேண்டும். டெங்கு என்னும் கொசுக் காய்ச்சலில் சூடு இறங்குகிற நேரமே ஆபத்தான நேரம். அப்பொழுதுதான் சிலருக்கு இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறி, இரத்த அழுத்தம் விழுந்து போகிறது. அந்த ஒரு நாள் இரண்டு நாளைக்குள் ஆஸ்பத்திரியில் இருந்து கணக்காய் நீர் ஏற்றினால் பிழைக்கலாம். வீட்டில் வேப்பிலைப் படுக்கையில் "குளிர்ந்துவிட்டாள்" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இப்பொழுது முதல் வீட்டுக் குழந்தைக்கு வருவோம். அங்கேயும் சூடு இறங்கிப் புள்ளி வந்தது. இங்கேயும் சூடு இறங்கிச் சிவப்பு வந்தது. ஒன்று விளையாட்டு, ஒன்று எமன். இரண்டுக்கும் இவ்வூரில் ஒரே பெயர், ஒரே வேப்பிலை, ஒரே பூசாரி.

அந்தக் கைக்குழந்தைக்கு வந்தது போன்ற வியாதியை டாக்டர்கள் ரோசியோலா என்று சொல்லுகிறார்கள். ரோஜா நிறம் என்று அர்த்தமாகிற லத்தீன் சொல்லிலிருந்து வந்த பேர். ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கே பெரும்பாலும் வரும். மூன்று முதல் ஐந்து நாள் கடுமையான காய்ச்சல். பிறகு காய்ச்சல் போகும், புள்ளி வரும். ஒன்றிரண்டு நாளில் புள்ளியும் போகும். காய்ச்சல் வேகத்தில் சில குழந்தைகளுக்கு இழுப்பு வருவதுண்டு. அது வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்றபடி தண்ணீரும் பாலும் கொடுத்து, டாக்டர் சொன்ன அளவில் காய்ச்சல் மருந்து கொடுப்பதைத் தவிர வேறு வைத்தியம் ஏதுமில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கின்றது. வியாதி தானாகவே ஐந்தாம் நாள் போகக்கூடியது. பூசாரி நான்காம் நாள் வந்து மஞ்சள் நீர் தெளித்தால் கீர்த்தி பூசாரிக்கு. நான்காம் நாள் ஒரு ஜோசியன் தாயத்துக் கட்டினால் கீர்த்தி தாயத்துக்கு. நான்காம் நாள் ஒரு டாக்டர் அவசரப்பட்டு விஷக்கிருமி மருந்து எழுதிக் கொடுத்தால் கீர்த்தி டாக்டருக்கு! அல்லது, மறுநாள் புள்ளி வந்தவுடன், "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, அலர்ஜி" என்று ஆயுசு முழுவதும் அந்த மருந்தே ஆகாது என்று சீட்டில் எழுதிவிடுகிறதும் உண்டு. ஆகவே இந்த மயக்கம் பூசாரிக்கு மாத்திரம் சொந்தம் என்று நாம் சொல்லவில்லை. ஒன்றுக்குப் பின்னால் ஒன்று வந்தால் முன்னதுதான் காரணம் என்று நினைப்பது எல்லோருக்கும் இருக்கிற பலவீனம். கோட்டுப் போட்டவர்களுக்கும் உண்டு.

பெயர்க் குழப்பமும் அப்படியே. வெள்ளைக்காரர்கள் ஆதியிலேயே எல்லாம் அறிந்தவர்கள், நாம்தான் மூடர்கள் என்று சிலர் எண்ணிக்கொள்ளுகிறார்கள். அது தப்பு. லண்டனில் ராபர்ட் வில்லன் என்ற டாக்டரும் அவர் சீடர் தாமஸ் பேட்மன் என்பவரும் 1800-க்குப் பின் சில வருஷங்களில் தோல் வியாதிகளுக்கெல்லாம் பட்டியல் போட்டார்கள். அதில் இந்த ரோசியோலாவுக்கு மாத்திரம் ஏழு வகை! வெயில் காலத்து ரோசியோலா, இலையுதிர் காலத்து ரோசியோலா, வளைய ரோசியோலா, குழந்தை ரோசியோலா, பெரியம்மைக்கு முன் வருகிற ரோசியோலா, அம்மை குத்தியபின் வருகிற ரோசியோலா, இன்னொன்று ஒருவகைக் காய்ச்சலோடு வருவது. அதாவது சிவப்பாய் எது தெரிந்தாலும் ரோசியோலா. அதற்குப் பின் வந்தவர்கள் மேகப்புண்ணாகிய சிபிலிஸ் வியாதியின் இரண்டாம் கட்டத்தில் உடம்பில் வருகிற சிவப்புக்கும் அதே பேரை வைத்தார்கள். டைபாயிட் ஜுரத்தில் வயிற்றில் தோன்றுகிற புள்ளிக்கும் அதே பேர். யோசித்துப் பாருங்கள், தாய்மார்களே! பால் குடிக்கிற குழந்தைக்கு வருகிற விளையாட்டுச் சிவப்புக்கும், ஊர் சுற்றின புருஷன் வாங்கிவந்து பெண்சாதிக்கும் கொடுக்கிற வியாதிக்கும் ஒரே ரோஜாப் பேர்!

இது மாத்திரமா? ரூபியோலா என்று இங்கிலீஷ் டாக்டர் சொன்னால் தட்டம்மை என்று அர்த்தம். அதே சொல்லை ஸ்பெயின் தேசத்தார் சொன்னால் அது வேறொரு வியாதி. அந்த வேறு வியாதிக்கு ஜெர்மன்காரர் வைத்த பேர் இங்கிலீஷ் வாயில் நுழையாமல், கடைசியில் ரூபெல்லா என்று பேர் வைத்தவர் இந்தியாவில் பட்டாளத்து வைத்தியராய் இருந்த ஹென்றி வீல் என்பவர். இந்த நாட்டில் தாம் பார்த்த முப்பது நோயாளிகளைப் பற்றி எழுதி, 1866-இல் அந்தப் பேரை அவர் வெளியிட்டார். ஆக, உலகம் முழுவதும் வழங்குகிற ஒரு வியாதியின் பேர் இந்தியாவில் கண்ட நோயாளிகளைப் பார்த்து வைக்கப்பட்டதாகும்.

ஆனால் அவர்களுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் பேரை வைத்தபின் பேருக்குப் பூசை போட்டுக்கொண்டு உட்காரவில்லை. அமெரிக்காவில் ஜான் ஜகோர்ஸ்கி என்ற குழந்தை வைத்தியர் 1910-இல், காய்ச்சல் விட்டபின் புள்ளி வருகிறதைக் கவனித்து, இது தனி வியாதி என்று பிரித்தார். 1986-இல் ஒரு புதிய வைரஸ் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. 1988-இல் ஜப்பான் தேசத்து ஆராய்ச்சிக்காரர்கள் அந்தக் கிருமியே குழந்தை ரோசியோலாவுக்குக் காரணம் என்று காட்டினார்கள். டைபாயிடுக்கு வேறு கிருமி, சிபிலிசுக்கு வேறு கிருமி என்பது அதற்கு முன்பே தெரிந்துபோயிற்று. பேர் ஒன்றாயிருந்தது, விதையைத் தேடிப் பார்த்ததும் வெவ்வேறு என்று ஒப்புக்கொண்டார்கள். தப்பை ஒப்புக்கொள்ள அங்கே எந்தச் சாமியும் குறுக்கே நிற்கவில்லை.

நம் பக்கத்தில் அம்மை என்றால் பெற்ற தாய். அம்மை என்றால் கோயில் அம்மன். அம்மை என்றால் வியாதி. நமது எல்லைப்புறத்தில் தெலுங்கு பேசுகிறவர்கள் அம்மவாரு என்கிறார்கள். கன்னடம் பேசுகிறவர்களும் அம்மா என்றே சொல்லுகிறார்கள். பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை, கன்னம் வீங்கினால் புட்டாளம்மை. கன்னம் வீங்குவதற்கும் கொப்புளத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனாலும் அம்மை! பழைய ஆட்கள் கண்ணால் பார்த்து வைத்த பேர்களைப் பாருங்கள், அவை எவ்வளவு நன்றாயிருக்கின்றன. மணலை வாரிப் போட்டதுபோல் இருந்தால் மணல்வாரி. முத்துப்போல் இருந்தால் முத்து. சமஸ்கிருத வைத்தியன்கூட மசூரப் பருப்புப்போல் இருக்கிறதென்று மசூரிகை என்றுதான் பேர் வைத்தான். பருப்பையும் மணலையும் பார்த்த வரையில் அறிவு வேலை செய்தது. அதில் ஆத்தாளைப் பார்க்க ஆரம்பித்தவுடன் அறிவு ஓய்வு எடுத்துக்கொண்டது.

இதற்கு நேர்மாறாக, ஒரே வியாதிக்கு இரண்டு பேர் வைத்து இரண்டு ஆளுக்குப் பிழைப்புக் கொடுத்ததும் உண்டு. சின்னம்மை வந்தால் பூசாரி. வயதானபின் இடுப்பிலோ மார்பிலோ பட்டையாய்க் கொப்புளித்து எரிந்தால் அதற்கு அக்கி என்று பேர்; குயவர் வீட்டுக்குப் போய்க் காவி கரைத்துச் சிங்கம் எழுதிக்கொள்ளுகிறோம். ஆனால் சின்னம்மைக் கிருமியும் அக்கிக் கிருமியும் ஒன்றே. சிறு வயதில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்புக்குள் போய்ப் பல வருஷம் பதுங்கியிருந்து, உடம்பு தளர்ந்த காலத்தில் வெளியே வருகின்றது. அதுதான் அக்கி. அம்மனாய் உள்ளே போனவள் சிங்கமாய் வெளியே வருகிறாள் என்று வைத்துக்கொள்ளலாமா? அக்கியிலும் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் கொப்புளம் தானாகவே ஆறிவிடுகிறது, கீர்த்தி காவிக்கு. கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் மாத்திரம் காவியை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். பார்வை போய்விடக்கூடும்.

பெரியம்மையைப் பற்றி இரண்டு வார்த்தை. நமது பாட்டன்மார் காலத்தில் ஊர் ஊராய்க் காலிசெய்த வியாதி. 1796-இல் ஜென்னர் என்பவர் பசு அம்மைப் பாலைக் கொண்டு அம்மை குத்தும் முறையைக் கண்டார். 1802-இல் பம்பாயில் அது வந்து சேர்ந்தது. சென்னையில் கலெக்டராய் இருந்த எல்லிஸ் என்பவர், ஜனங்கள் பயப்படாமல் குத்திக்கொள்ள வேண்டுமென்று, அம்மனே சிபார்சு செய்கிற மாதிரி தமிழில் ஒரு கதை கட்டி எழுதினார். நல்ல எண்ணந்தான், ஆனால் பொய்யைக் கொண்டு ஓட்டின வண்டி எத்தனை தூரம் போகும்? கடைசியில் வீடு வீடாய்ப் போய், நோயாளியைத் தேடிக் கண்டுபிடித்து, சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் குத்தி, 1975-இல் இந்தியாவில் கடைசி நோயாளியோடு நின்றது. 1980 மே மாதம் 8-ந் தேதி உலகத்தைவிட்டே ஒழிந்ததென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இன்று அந்தக் கிருமி இருப்பது அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சிசாலையிலும் ருஷியாவில் ஒரு ஆராய்ச்சிசாலையிலும் பூட்டின அறைக்குள். கூழ் ஊற்றாமல் போனால் கோபிப்பாள் என்றீர்களே, கோபித்துக்கொண்டு வெளியே வரட்டுமே!

வேப்பிலையை நாம் குறை சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டாம். வாசலில் வேப்பிலை கண்டால் அயலார் உள்ளே வரக்கூடாது என்ற வழக்கம் மெத்தவும் நல்ல வழக்கம். நோயாளியைத் தனியாய் வைப்பதும், சுத்தமான துணி விரிப்பதும், இளநீர் கொடுப்பதும் நல்லவையே. ஆனால் தாளிக்கக்கூடாது, கறி கூடாது, முட்டை கூடாது என்று வாடின பிள்ளையைப் பட்டினி போடுவதும், மருந்தே கூடாது என்பதும்தான் கெட்டவை. இரண்டாவது வீட்டுப் பையனுக்கு இருப்பது தட்டம்மையாய் இருந்தால், அது நிமோனியாவில் கொண்டுபோய்விடும், காது சீழ் பிடிக்கும், கண் கெடும், சில பேருக்கு மூளையே வீங்கும். அதற்கு வைட்டமின் ஏ மருந்து கொடுக்க வேண்டும். சத்தான ஆகாரம் கொடுக்க வேண்டும். பட்டினி போட்டால் எரிகிற வீட்டில் எண்ணெயை ஊற்றியதாகும். அந்தப் பையனை நாளைக் காலையில் கூட்டிப்போவதாக அவன் தகப்பனார் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்; அவருக்கு ஞாபகமூட்டுவதற்காகவே இரண்டாந்தரம் சொல்லுகின்றோம்.

இனி நமது சொந்த விஷயம் ஒன்று. சொல்ல வேண்டாமென்றுதான் இருந்தோம்.

நமது தங்கை கர்ப்பமாய் இருந்தாள், இரண்டு மாதம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் விட்டார்கள் என்று பார்க்கப் போய்வந்தாள். இரண்டரை வாரத்துக்குப் பின் இவளுக்கு லேசான காய்ச்சல், காதுக்குப் பின்னால் நெறி கட்டினது, மூன்று நாள் சிவப்பு, அவ்வளவே. "மூணு நாள் அம்மை, நல்ல அம்மை" என்றார்கள். நாமும் அதை ஒரு பொருட்டாய் எண்ணவில்லை. பிள்ளை பிறந்தது. கண்மணி இரண்டும் வெள்ளை, கூப்பிட்டால் திரும்பவில்லை. ஊரார் காரணம் சொன்னார்கள்: நேர்ந்துகொண்ட மாவிளக்குப் போடவில்லை என்று ஒருத்தர், கிரகணத்தில் வெளியே வந்தாள் என்று ஒருத்தர், அவள் அண்ணன் சாமியைத் திட்டுகிறான், அந்தப் பாவம் என்று மற்றவர்கள். மாமியார் வீட்டில் அவளை ஒரு வருஷம் சேர்க்கவில்லை.

நாம் அப்பொழுதே மேடையேறிப் பேசிக்கொண்டிருந்தோம். மாவிளக்கு காரணமல்ல, கிரகணம் காரணமல்ல, பாவம் காரணமல்ல என்று ஆவேசமாய் வாதாடினோம். "அப்படியானால் எதுதான் காரணம்?" என்று தங்கை ஒரு நாள் கேட்டாள். நமக்குப் பதில் தெரியவில்லை. இல்லை என்று சொல்ல மாத்திரம் கற்றுக்கொண்டிருந்தோம். என்னவென்று தேடிப் பார்க்கவில்லை. அன்று பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை. பிற்பாடு ஒரு கண் டாக்டர்தான், கர்ப்பத்தில் இன்ன காய்ச்சல் வந்ததா, காதுக்குப் பின்னால் நெறி கட்டினதா என்று கேட்டு, ரூபெல்லா என்றார். ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் வைத்தியர் 1941-லேயே இதை எழுதியிருக்கிறார். கண்புரையுடன் பிறந்த 78 குழந்தைகளைப் பார்த்தார். அவர்களில் 68 பேருடைய தாய்மார்களுக்குக் கர்ப்பத்தில் இந்த லேசான காய்ச்சல் வந்திருந்தது. முதல் மூன்று மாதத்தில் வந்தால் சிசுவின் கண்ணும் காதும் இருதயமும் கெடும். தாய்க்கு விளையாட்டாய்ப் போவது சிசுவுக்கு ஆயுசுத் தண்டனை. அம்மை என்ற பேர் இல்லாமல் அதற்குத் தனிப் பேர் ஊரில் வழங்கியிருந்தால், கர்ப்ப ஸ்திரீ அந்த வீட்டுப் படியேறியிருக்க மாட்டாள்.

நமது மருமகளுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகிக் கனமான கண்ணாடியோடு பார்க்கிறாள். காது கேளாதோர் பள்ளியில் படித்தாள். கைஜாடையில் நம்மைக் கேலி செய்கிற அளவுக்குச் சாமர்த்தியம் இருக்கின்றது. இருந்தாலும் தோழர்களே, அவள் தாயார் பாடுகிற குரலை அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

அவள் பிறந்த காலத்தில் சர்க்கார் போட்ட ஊசிகளில் ரூபெல்லாவுக்கு இடம் இல்லை. 2017 பிப்ரவரியில்தான் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்து ஒரே ஊசி, தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து இடங்களில் முதலில் ஆரம்பிக்கப்பட்டது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுவரை பிள்ளைகளுக்குப் போட்டார்கள். அப்பொழுது நடந்த கூத்து உங்களுக்கு ஞாபகமிருக்கும். வாட்ஸ்அப்பில் ஒருவன் வதந்தி கிளப்ப, பள்ளிக்கூடத்து வாசலில் தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். கோயில் பூசாரி அல்ல, பகுத்தறிவு பேசுகிற நமது தோழர்களிலேயே சிலர், "இது கம்பெனிக்காரன் சதி" என்று அதைப் பரப்பினார்கள். சாமி சொன்னால் நம்பமாட்டோம், செல்போன் சொன்னால் நம்புவோம் என்றால் அது என்ன பகுத்தறிவு? அவர்களிடம் நமக்கு இன்னும் கோபம்தான்.

இப்பொழுது அந்த ஊசி சர்க்காரில் இலவசம். ஒன்பது மாதம் முடிந்து ஒன்று. பதினாறாவது மாதத்துக்கு மேல் இரண்டு வயதுக்குள் இன்னொன்று. கர்ப்பமாய் இருக்கும்பொழுது போடக்கூடாது. ஆகையால் கலியாணத்துக்கு நிற்கிற பெண்களுக்குப் போட்டாயிற்றா என்று இப்பொழுதே நர்ஸம்மாளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜாதகம் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள். ஜாதகத்தைப் பற்றி நாம் இன்று பேச நினைத்ததும் ஏறக்குறைய இவ்வளவுதான்.

இந்த ஊருக்கு நர்ஸம்மாள் புதன்கிழமை வருகிறார்களாம். வேப்பிலை கட்டின வீட்டுக்கு எதிர்வீட்டிலும் அடுத்த வீட்டிலும் கர்ப்பமாய் இருக்கிறவர்கள் யார் என்று மாதர் சங்கத்தார் இன்றிரவே எழுதி வைக்க வேண்டும். தடுப்பூசி அட்டை தொலைந்தவர்கள் தொலைந்துவிட்டதென்று வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். அட்டை இல்லாமலும் வரலாம். இப்பொழுது 108 வண்டியோடு போன அந்த மாமன் போனில் கூப்பிடுகிறார். கொஞ்சம் பொறுங்கள், பேசிவிட்டு வருகின்றோம்.